உங்களுக்குத் தெரியுமா? அனந்தபுரத்தின் தத்துவ அறைகள்

வாழ்த்துப் பாடலுக்குள் ஒரு பழைய விவாதம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலையில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் தமிழாசிரியர் அல்லர், தத்துவப் பேராசிரியர் என்பது தெரியுமா? 1855இல் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் படித்தார். பிறகு அங்கேயே தத்துவம் கற்பித்தார். 1891இல் அச்சேறிய அவருடைய 'மனோன்மணீயம்' நாடகத்தின் முகப்பிலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதிதான் 1970இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தானது. 2021 டிசம்பரில் அதுவே மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது.

அரசு எடுத்துக்கொள்ளாமல் விட்ட வரிகளில் ஒரு கனமான தத்துவ வாதம் இருக்கிறது. உயிர்களும் உலகங்களும் தோன்றலாம், நிற்கலாம், அழியலாம். பரம்பொருள் மட்டும் முன்பு இருந்தபடியே இருக்கிறது. மற்ற திராவிட மொழிகளைப் பெற்றெடுத்த பிறகும் தமிழ் அப்படித்தான் இளமை மாறாமல் நிற்கிறது என்கிறார் கவிஞர். ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தால், பெற்றது மாறுமா, மாறாதா? இது இந்தியத் தத்துவத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்த வழக்கு. மூலப்பொருள் தானே மாறி உலகாகிறது என்பார் சாங்கியர். பிரமம் மாறவே இல்லை, மாறியதுபோல் தோன்றுகிறது என்பார் சங்கரர் வழி வந்த வேதாந்தி. சைவ சித்தாந்தியோ வேறு வழி பிடிப்பார். குடத்துக்கு மண் முதற்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சிவன் நிமித்த காரணம். ஆகவே உலகம் எத்தனை முறை தோன்றி ஒடுங்கினாலும் சிவனுக்கு விகாரமில்லை. இத்தனை நுட்பமான ஒரு நிலைப்பாட்டை மொழி வாழ்த்துக்குள் கொண்டுவந்து வைத்த துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். வாழ்த்தின் முழு வடிவத்தையும் ஒருமுறையாவது மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அதே வணக்கத்தில் மனுவும் வள்ளுவரும்

அந்த வணக்கத்தின் பிற்பகுதி இன்னும் காரமானது. திருக்குறளைக் குற்றமறக் கற்றவர்கள், குலத்துக்கு ஒரு நீதி சொல்லும் மனு முதலிய நூல்களை மனத்தாலும் நினைப்பார்களா என்று சுந்தரம் பிள்ளை கேட்கிறார். திருவாசகத்தில் கரைந்தவர்கள் வேத மந்திரங்களைக் கனம், சடை என்று முறைவைத்து உருப்போடுவார்களா என்பது அடுத்த கேள்வி. தமிழகத்தில் சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு முப்பதாண்டுக்கு மேல் முன்பே, சமஸ்தானக் கல்லூரியில் வேலை பார்த்த ஒருவர் அச்சில் எழுப்பிய கேள்விகள் இவை.

ஜீவகன் யார்?

மனோன்மணீயத்தின் கதைக்கரு லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைப்பாட்டிலிருந்து வந்தது. அதை ஆசிரியரே முன்னுரையில் சொல்லிவிட்டார். ஆனால் கதைமாந்தருக்கு அவர் சூட்டிய பெயர்களைக் கவனியுங்கள். பாண்டியன் பெயர் ஜீவகன், அதாவது உயிர். அவனை ஏய்க்கும் அமைச்சன் குடிலன். குடிலை என்பது சுத்த மாயைக்குச் சித்தாந்த நூல்களில் வழங்கும் பெயர். வழிகாட்டும் குரு சுந்தர முனிவர். ஆசிரியரின் சொந்த ஞானகுருவான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் பெயர் அது.

குடிலன் பேச்சைக் கேட்டு மன்னன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். நாஞ்சில் நாட்டை முன்வைத்துச் சேரனோடு மூண்ட போரில் தோற்கிறான். அப்போதும் அவனுக்குக் குடிலன்மேல் சந்தேகம் வருவதில்லை. தன்னைக் கட்டியிருப்பது எது என்று தெரியாமல் அதையே துணையென்று நம்பும் உயிரின் நிலை இதுதான் என்று சித்தாந்தம் சொல்லும். நாடகத்தை வெறும் அரசகுலக் கதையாகப் படித்தால் ஜீவகனின் ஏமாளித்தனம் சலிப்பூட்டும். உயிரின் கதையாகப் படித்தால் அந்த ஏமாளித்தனம்தான் நாடகத்தின் முதுகெலும்பு.

மண்புழுவுக்கு ஒரு வணக்கம்

இந்த நாடகத்தில் நடராசன் என்றொரு பாத்திரம் வயல்வெளியில் தனியே நின்று பேசும் காட்சி இருக்கிறது. புல்லின் பூவையும் ஓடும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டே வந்தவன், நாங்கூழ்ப் புழுவிடம் வந்ததும் நின்றுவிடுகிறான். யாரும் மதிக்காத அந்தச் சிற்றுயிர் மண்ணை உண்டு, பதப்படுத்தி, உழவனுக்குப் பயனாக்கி, தன் உழைப்பை யார் கண்ணிலும் படாமல் மறைத்துக்கொள்கிறதே என்று வியக்கிறான்.

சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். வெளியான ஆண்டு 1881. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று வெளிவருகிறது என்று அதில் கணக்கிட்டார். பத்தாண்டு கழித்து வெளிவந்த தமிழ் நாடகத்தில் அதே புழு கதாநாயகனைப்போல் நிற்கிறது. அறிவுத்துறைகளை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' என்றொரு சிறுநூலே எழுதியவர் சுந்தரம் பிள்ளை. மேற்கின் அறிவியலை விடாமல் படித்தவர். டார்வினின் புழுதான் சித்தாந்தத்தின் அருள் நோக்கோடு தமிழில் வந்து நிற்கிறது என்றே நான் கருதுகிறேன். இயற்கையில் வீண் என்று எதுவும் இல்லை என்ற நிலைப்பாட்டை இதைவிட எளிய சாட்சியை வைத்துச் சொல்ல முடியுமா?

ஒதுங்குவதா, இறங்குவதா?

சுந்தர முனிவரின் ஆசிரமத்தில் இரண்டு சீடர்கள். நிட்டாபரர் உலகத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டு நிட்டையில் இருக்க விரும்புகிறவர். கருணாகரர் போரில் சாகிறவர்களை நினைத்துக் கலங்குகிறவர். துறவியின் கடமை எது என்று இருவரும் வாதாடுகிறார்கள். தமிழ் நாடக இலக்கியத்தில் இதற்கு இணையான தத்துவ உரையாடல் எனக்கு நினைவில் இல்லை. குருவின் பதில் பேச்சில் இருப்பதைவிடச் செயலில் இருக்கிறது. ஆசிரமத்திலிருந்து அரண்மனைக்கு ஓர் இரகசியச் சுரங்கம் தோண்டும் வேலையை அந்த முனிவர்தான் முன்னின்று நடத்துகிறார்.

வெள்ளையர் மாளிகையில் ஒரு யோகி

திருவனந்தபுரத்துத் தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகையில் மேலாளராக வேலை பார்த்த தமிழர் ஒருவர், கேரள மறுமலர்ச்சியின் பெருந்தலைவர்களுக்கு யோக ஆசான் என்பது தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கம் நகலாபுரத்தில் 1814இல் பிறந்த சுப்பராயன்தான் அவர். தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றார்கள். அய்யன்காளியும் அவரிடம் வந்தார். மனைவி மக்களோடு குடும்பம் நடத்திக்கொண்டே ஒருவர் யோகியாக இருக்கலாம் என்பதைச் சொல்லிக்கொண்டிராமல் வாழ்ந்து காட்டினார். தைப்பூசத்தன்று எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். நடக்கும் வழியிலேயே தீண்டாமை பார்த்த காலம் அது. சமைத்த சோற்றைச் சேர்ந்து உண்பது அன்று எந்த நூலையும்விட உரக்கப் பேசிய தத்துவம்.

1876இல் பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான் தொடங்கிய ஞானப் பிரஜாகரம், 1885இல் தொடங்கிய சைவப் பிரகாச சபை ஆகிய இரண்டும் இந்த ஊரின் தத்துவ அறைகள். அய்யாவு சுவாமிகளும் சுந்தரம் பிள்ளையும் சட்டம்பி சுவாமிகளும் உட்கார்ந்து பேசிய இடங்கள் அவை. சித்தாந்தி, அத்வைதி, யோகி என்று ஆளுக்கொரு நிலை. தமிழிலும் மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் பேச்சு ஓடியிருக்கும். ஒருவர் நிலை இன்னொருவருக்கு ஒப்பாதபோதும் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதுதான் என்னை ஈர்க்கிறது.

இருட்டில் இரண்டு பேர்

'நான் யார்?' என்ற கேள்விக்கு நாராயண குரு ஒரு சின்னச் சோதனையைச் சொன்னார். இருட்டறையில் ஒருவர் இருக்கிறார். அங்கே யார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். 'நான்' என்று பதில் வருகிறது. அவர் திருப்பி உங்களைக் கேட்கிறார். நீங்களும் 'நான்' என்றே சொல்கிறீர்கள். பெயரும் சாதியும் முகமும் மறைந்த இடத்தில் இருவருக்கும் ஒரே விடைதான். 'ஆத்மோபதேச சதகம்' என்ற அவருடைய நூறு பாடல் நூலில் பத்தாம் பாடலில் வருகிறது இது. உடல்கள் பல, 'நான்' என்று உணர்வது பலவன்று என்று அடுத்த பாடல் முடிவுக்கு வருகிறது. சங்கரரின் அத்வைதம்தான் இது. ஆனால் சாதி கேட்டுத்தான் தண்ணீரே ஊற்றிய சமூகத்தில் பிறந்தவர் அதைச் சொல்லும்போது அந்த இருட்டறைக்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது. குரு பிறந்த செம்பழந்தி இன்று திருவனந்தபுரம் நகரின் ஒரு பகுதி.

பெயர் சொல்லாமல் நால்வர்

நாராயண குரு தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் தந்திருக்கிறார். சீர்காழிக் கண்ணுடைய வள்ளலாரின் 'ஒழிவிலொடுக்கம்' என்ற ஞானநூலையும் மொழிபெயர்த்தார். அந்த நூலை 1851இல் தமிழில் அச்சிட்டவர் வேறு யாருமல்லர், வடலூர் இராமலிங்க சுவாமிகள்.

குருவின் 'அனுகம்பா தசகம்' அருளைப் பற்றிய பத்துப் பாடல். எறும்புக்கும் தீங்கு செய்யாத மனத்தைத் தா என்று அது தொடங்குகிறது. பிறகு, அருள் உருவெடுத்து வந்தவர் யார் யார் என்று கேட்டுக்கொண்டே போகிறது. சங்கரர் வருகிறார், நபிகள் வருகிறார், இயேசு வருகிறார். திருநீறு பூசிக் காய்ச்சலைப் போக்கியவரோ, பாடி வயிற்று நோயைத் தீர்த்துக்கொண்டவரோ, உடலோடு இறைவனிடம் போனவரோ என்றும் கேட்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகியோரின் கதைகள் அவை. மாணிக்கவாசகருக்கும் அங்கே இடம் உண்டு. கருணைதான் சமயத்தின் உரைகல் என்ற நிலைப்பாட்டுக்குக் குரு கூட்டிய சபையில் நம் நால்வருக்கும் இருக்கை கிடைத்திருக்கிறது.

ஆற்றுக்கல்லும் கண்ணாடியும்

1888 சிவராத்திரியில் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவலிங்கமாக நிறுவினார் குரு. பிரதிட்டை செய்யும் உரிமை பிறப்பால் வருவதில்லை என்பதற்கு அந்தக் கல்லே வாதம். சாதி வேற்றுமையும் மதப்பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறப்பாக வாழும் இடம் என்ற கருத்தை அங்கே எழுதியும் வைத்தார். ஆண்டுகள் போகப்போக அவருடைய பிரதிட்டைகளில் உருவம் கரைந்துகொண்டே வந்தது. முருக்கும்புழையில் 1922இல் சத்தியம், தருமம், தயை போன்ற சொற்களையே நிறுவினார். 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் வைத்தது ஒரு கண்ணாடியை.

கண்ணாடி என்றதும் குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு அய்யா வைகுண்டர் நினைவுக்கு வந்திருப்பார். 1851இல் மறைந்த வைகுண்டரின் வழியில் பதிகள், நிழல் தாங்கல்கள் என்னும் வழிபாட்டிடங்களின் கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். வழிபடுகிறவர் தலைப்பாகை கட்டி, தன் உருவத்தின் முன்னேயே நிற்கிறார். தலைப்பாகை கட்ட அனுமதியே இல்லாத மக்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை! வைகுண்டரை மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1838–39இல், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தார்கள். 1841இல் எழுதப்பட்ட 'அகிலத்திரட்டு அம்மானை'யில் தீமையின் பெயர் கலி. அது மனிதரைப் பிடித்து ஆட்டும் மாயச் சக்தி. ஆயுதத்தால் அதை வெல்ல முடியாது, தருமத்தாலும் பொறுமையாலும்தான் முடியும் என்பது அந்நூலின் நிலை.

கட்டட வேலைக்குப் போன வேதாந்தி

கண்ணம்மூலையில் 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகள் இளமையில் வறுமை தாங்காமல் கூலிவேலைக்குப் போனார். இன்று கேரள அரசு நடக்கும் தலைமைச் செயலகக் கட்டடத்துக்குச் சுமை சுமந்தவர்களில் அவரும் ஒருவர். பிற்பாடு கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகளிடம் தங்கிப் படித்தார். சாஸ்திரமும் தமிழும் அவருக்கு ஒன்றாகவே வாய்த்தன.

அவருடைய 'வேதாதிகார நிரூபணம்' வேதம் படிக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்று வாதிடுகிறது. இதில் முறைதான் முக்கியம். எதிராளியின் பெட்டியைத் திறந்து அவருடைய ஆவணங்களையே எடுத்துப் படிக்கும் வழக்கறிஞர்போல, சுருதியையும் உபநிடதக் கதைகளையும் சான்றாக்குகிறார். தடை போட்டவர்கள் பிற்கால மனிதர்கள். மூலத்தில் தடை இல்லை என்பது முடிவு. இவருடைய 'ஜீவகாருண்ய நிரூபணம்' புலாலுண்பதை எதிர்த்து எழுதிய நூல். வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தோடு சேர்த்து அதைப் படிப்பவர்களுக்கு நல்ல விருந்து காத்திருக்கிறது.

விவேகானந்தர் வந்தபோது

1892 டிசம்பரில், கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், விவேகானந்தர் திருவனந்தபுரத்தில் தங்கினார். தங்கிய வீடு இளவரசரின் ஆசிரியராக இருந்த பேராசிரியர் சுந்தரராம ஐயருடையது. அந்த நாட்களில் அவரைச் சந்தித்தவர்களில் சுந்தரம் பிள்ளையும் ஒருவர். தாம் திராவிடர், ஆகவே இந்து அமைப்புக்கு வெளியே நிற்பவர் என்று அவர் சொன்னதையும் விவேகானந்தர் அதை ஏற்காததையும் சுந்தரராம ஐயரின் நினைவுக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகம் நெடுங்காலம் நடத்திய விவாதத்தின் முதல் பக்கம் ஒரு திருவனந்தபுரத்து வீட்டில் திறந்தது.

காஞ்சிபுரத்துக் கபாலிகன், திருவனந்தபுரத்து அச்சகம்

மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' 1917இல் முதன்முதலில் அச்சானது திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில். பதிப்பித்தவர் நெல்லைச் சீமைத் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி. காஞ்சித் தெருவில் நடக்கும் கதை. கேரளத்தில் சாக்கியார்கள் ஆடிவந்ததால் ஓலையில் தப்பிப் பிழைத்தது.

கபாலிகன் சத்தியசோமனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. நாய் தூக்கிப் போயிருக்கிறது. அவனோ பௌத்த பிக்கு நாகசேனனைச் சந்தேகிக்கிறான். சிரிப்புக்கு நடுவே தத்துவக் கட்சிகள் மோதிக்கொள்கின்றன. காரணத்தைப் போலத்தான் காரியமும் இருக்கும் என்கிறீர்களே, பின் துன்பத்திலிருந்து மோட்ச இன்பம் எப்படிப் பிறக்கும் என்று சமணத் தவத்தைக் குறித்துக் கேட்கிறான் கபாலிகன். பிக்குவின் கவலை வேறு. இத்தனை கருணையுள்ள புத்தர் நல்ல மாடத்தையும் நல்ல உணவையும் அனுமதித்தாரே, மதுவையும் மாதரையும் மட்டும் ஏன் விலக்கினார்? கிழட்டுப் பிக்குகள் பொறாமையால் மூல நூலிலிருந்து அந்தப் பகுதியை நீக்கியிருப்பார்கள் என்று அவர் சந்தேகிக்கிறார். தான் விரும்பும் முடிவை வைத்துக்கொண்டு அதற்கேற்ற மூலத்தைத் தேடும் பழக்கத்தை ஓர் அரசன் 1,400 ஆண்டுக்கு முன் எவ்வளவு கூர்மையாகப் பிடித்திருக்கிறான்!

இதே நாடகத்தோடு சேர்த்து மாமண்டூர்க் கல்வெட்டில் குறிக்கப்படும் 'பகவதஜ்ஜுகம்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. எமதூதன் தவறுதலாக ஒரு கணிகையின் உயிரைக் கொண்டுபோகிறான். யோகி தன் ஆற்றலைச் சீடனுக்குக் காட்ட அவள் உடலுக்குள் புகுகிறார். தவற்றைத் திருத்தத் திரும்பி வந்த தூதன், கணிகையின் உயிரை யோகியின் உடலில் வைத்துவிடுகிறான். கணிகை உடல் வேதாந்தம் பேசுகிறது. துறவியின் உடல் காதலனைத் தேடுகிறது. இப்போது யார் குரு என்று சீடன் விழிக்கிறான். ஒருவரின் அடையாளம் உடலிலா, நினைவிலா என்று இன்றும் தத்துவ வகுப்புகளில் கேட்கும் கேள்வியே இங்கே முழு நாடகமாக நிற்கிறது.

அப்பா யார் என்று எப்படித் தெரியும்?

'மணிமேகலை' காப்பியத்தில், சேரநாட்டு வஞ்சியில், மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய்க் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன் என்று வரிசையாக வருகிறார்கள். கடைசியில் பூதவாதி. கண்ணால் கண்டதே உண்மை, அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று அவள் கேட்டதும் வாதம் அங்கே நிற்கிறது. இந்தியத் தத்துவத்தில் பொருள்முதல்வாதத்துக்குச் சொல்லப்பட்ட மறுப்புகளில் இத்தனை சுருக்கமான ஒன்றை நான் படித்ததில்லை.

ஓட்டமாக மூன்று

● மனிதருக்குச் சாதி, மதம், தெய்வம் எல்லாம் ஒன்றே என்றார் நாராயண குரு. அவருடைய சீடர் சகோதரன் அய்யப்பன் சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்றார். கல்லூரிப் படிப்பைத் திருவனந்தபுரத்தில் முடித்தவர் அவர். குரு அவரை விலக்கவில்லை.

● வைக்கம் போராட்டத்தில் 1924 ஜூலையில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்ட பெரியார், திருவனந்தபுரம் மத்திய சிறையில் காலில் விலங்கோடு வைக்கப்பட்டார். அதே சிறையில் இருந்த கே.பி. கேசவ மேனன் அதை நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

● 1910இல் திருவிதாங்கூரிலிருந்து நாடுகடத்தப்பட்ட 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். இரண்டே ஆண்டில், 1912இல், கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். ருஷ்யப் புரட்சிக்கு ஐந்தாண்டு முந்திய நூல் அது.

ஒரே புத்தகம், இரண்டு கவிஞர்கள்

எட்வின் அர்னால்டு 1879இல் புத்தரின் வாழ்க்கையை ஆங்கிலக் கவிதையாக எழுதினார். திருவனந்தபுரத்துக்கு வடக்கே காயிக்கரையில் பிறந்த குமாரன் ஆசான் அதை மலையாளத்தில் பாடினார். அந்த நகரின் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதைத் தழுவி 1941இல் 'ஆசிய ஜோதி'யைத் தந்தார். ஆசானைப் புத்தரிடம் இழுத்தது சாதி மறுப்பு. கடைசிக் காலத்தில் அவர் எழுதிய 'சண்டால பிட்சுகி' அதற்குச் சாட்சி. கவிமணியை இழுத்தது உயிரிரக்கம்; வேள்விக்குப் போகும் ஆட்டுக்கு இரங்கும் பகுதி அவர் கையில்தான் உருகுகிறது. அதே கவிமணி உமர் கய்யாமையும் தமிழாக்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது. நாளையை நம்பாதே, இன்றைய பொழுதைச் சுவை என்பவன் கய்யாம். ஆசையே துன்பம் என்பவர் புத்தர். இருவருக்கும் முழு மனத்தோடு குரல் கொடுக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

காலக்கணக்கும் ஒரு நிலைப்பாடு

திருஞானசம்பந்தரை 13ஆம் நூற்றாண்டுவரை கீழே இறக்கிய கால்டுவெல் போன்றோரின் கணிப்பை மறுத்து, அவர் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிற்பட்டவர் அல்லர் என்று சுந்தரம் பிள்ளை ஆங்கிலத்தில் நிறுவினார். பழமையை நாட்ட உணர்ச்சி போதாது, கல்வெட்டும் இலக்கியச் சான்றும் வேண்டும் என்பது அவர் கொள்கை. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளையும் சான்றைத்தான் நம்பினார். ஆனால் அவர் கணக்கில் நூல்கள் பல பிற்காலத்துக்கு வந்தன. 1951இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு அவரே தலைவரானார். முடிவில் வேறுபட்டாலும் இருவருக்கும் வழி ஒன்று.

நாவல்களுக்குள்

மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமியை நகுலன் என்ற பெயரில் அறிவீர்கள். 'நினைவுப்பாதை' முதலிய அவருடைய நாவல்களில் எழுதுகிறவன், எழுதப்படுகிறவன், படிக்கிறவன் என்ற எல்லைகள் நிற்பதில்லை. அவற்றில் வரும் சுசீலா என்ற பெண் இருக்கிறாளா, நினைவில் உண்டாக்கப்பட்டவளா என்பதற்கு விடை கிடையாது. நாராயண குரு இருட்டறையில் 'நான்' என்ற ஒன்றைக் கண்டார். அதே ஊரில், பல ஆண்டுகள் கழித்து, நகுலன் அந்த 'நான்' கைக்கு அகப்படாமல் நழுவுவதை எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' 1970இல் வந்தது. மனைவி விட்டுப்போன அனந்தன் நாயர் இரண்டு நாள் இந்த நகரத் தெருக்களில் அலைகிறார். நடந்ததற்குத் தன் கோழைத்தனம் காரணமா, விதி காரணமா என்ற கேள்வி அவரோடு கூடவே நடக்கிறது. ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர். அவருடைய 'கிருஷ்ணப் பருந்து' பற்றற்றவர் என்று ஊர் மதிக்கும் ஒருவருக்குள் ஆசை எப்படிக் காத்திருக்கிறது என்று பார்க்கிறது. துறவைப் பற்றித் தமிழில் வந்த நேர்மையான நாவல்களில் அதற்கு முன்வரிசையில் இடம் தருவேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

தைக்காட்டில் அய்யாவு சுவாமிகளின் சமாதி மேல் சிவலிங்கம் நிறுவிய கோயில் இருக்கிறது. சுந்தரம் பிள்ளை வாழ்ந்தது பேரூர்க்கடை பக்கம், தம் தத்துவ ஆசிரியர் ஹார்வியின் பெயரைச் சூட்டிய ஹார்விபுரத்தில். மனோன்மணீயத்தையும் அந்த ஆசிரியருக்கே படைத்திருக்கிறார். சுந்தரம் பிள்ளையின் மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராகவும், 1962இல் திருவனந்தபுரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்; பேரூர்க்கடை அரசுப் பள்ளி அவர் பெயரைத் தாங்குகிறது. செம்பழந்தியில் நாராயண குரு பிறந்த குடிசையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஓலைச்சுவடிகளில் நாட்டமுள்ளவர்கள் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை ஆய்வு நிறுவனத்துக்குப் போகலாம்; சமஸ்கிருதம், மலையாளம், தமிழ் என்று பல்லாயிரம் சுவடிகள் அங்கே இருக்கின்றன.